ஒரு டம்ளர் நீலம்

பத்தாயிரம் லிட்டர் கலனிலிருந்தும் ஒரு டம்ளர் நீலம்தான் கிடைத்தது. அதற்கு முன் ஆயிரம் லிட்டரிலும் ஒரு டம்ளர்தான், அதற்கும் முன் நூறு லிட்டரிலும் பத்து லிட்டரிலும் ஒரு டம்ளர்தான். டம்ளர் என்றால் எங்கள் ஆலையின் தேநீர் அறையில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வரை. இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் அளவுக்குப்பி இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அதிலும் அளந்தோம், அளக்கிற வேலையே என்னுடையதுதான். ஒவ்வொரு முறையும் அது இருநூறு மில்லியில் வந்து சமர்த்தாக நின்றுகொண்டது. கலன் எவ்வளவு பெரிது, உள்ளே போன சரக்கு எவ்வளவு, வெளியே வெயிலா மழையா என்பதையெல்லாம் அது சட்டை செய்யவே இல்லை. ஊர் முழுக்க இது தெரியும். காய்கறிக் கடையில்கூட, "இன்னைக்கும் ஒரு டம்ளர்தானா சார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் தராசைத் தூக்குவார்கள்.

எங்கள் தொழில் நொதிக்க வைப்பது. மற்ற ஆலைகள் நெருப்பையும் அமிலத்தையும் வைத்துச் செய்கிற வேலையைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் ஒப்படைத்து, அவற்றுக்குத் தீனி போட்டு, காற்று ஊதி, சூடு ஏறாமல் பார்த்து, கடைசியில் அவை கழித்துப் போடுவதை வடிகட்டி விற்பதுதான் மொத்தத்தில் எங்கள் விஞ்ஞானம். கட்டுரையில் நுண்ணுயிர் என்று எழுதுவோம். வாயில் வருவது 'பூச்சி'. பூச்சிக்குத் தீனி, பக்கத்துப் பழச்சாறு ஆலை வண்டி வண்டியாக வெளியே கொட்டிக்கொண்டிருந்த தோலும் சக்கையும். பூச்சி தருவது ஜீன்ஸ் துணிக்கு ஏற்றுகிற நீலம். ஆற்றையும் கெடுக்காத, ஆளையும் கெடுக்காத நீலம் என்று வாசலில் பெரிய பலகை வைத்திருந்தோம். பலகை வைத்த நாளில் எங்கள் கையில் ஒரு சொட்டு நீலமும் இல்லை. பலகையை முதலில் வைத்துவிட்டு வேலையை அப்புறம் ஆரம்பிப்பது எங்கள் வழக்கம்.

இந்தப் பூச்சியைப் பிடித்தவர் நுரை மேடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய கலன் ஒன்றில் நுரை பொங்கி, குழாய் வழியாக ஏறி, நடைபாதையைக் கடந்து, பெரிய சாரின் அறைக்குள் மேசை மூழ்கும் உயரத்துக்கு நின்றது. அன்றிலிருந்து அவர் பெயர் அதுதான், சம்பளச் சீட்டில் மட்டும் வேறு. பெரிய சார் எங்கள் இயக்குநர். கழுத்தளவு நுரையில் உட்கார்ந்தபடியே அன்றைய கூட்டத்தை நடத்தி முடித்தவர் என்பதிலிருந்து அவருடைய மனஉறுதியைப் புரிந்துகொள்ளலாம். நீலம் தரும் பூச்சியைத் தேடி மேடம் மலைக்குப் போனார், கடலுக்குப் போனார், உப்பளத்துக்குப் போனார், எல்லா இடத்திலிருந்தும் மண்ணும் தண்ணீரும் சளியும் கொண்டுவந்தார். கடைசியில் அது அவருடைய சொந்த அக்கா வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குப் பின்னால், சாக்கடைச் சுவரில், நீலப் பாசியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மலைக்குப் போய் வந்த செலவுக்கு என்ன காரணம் எழுதுவது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்து எழுதினோம்.

அக்காவைப் பட்டறை முதலாளி உட்பட எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா போன பிறகு, தங்கை படிக்கட்டும் என்று சாயத்தொட்டிக்கு வேலைக்கு வந்தவர். தங்கை பட்டம் வாங்கி, அதற்கு மேல் பட்டம் வாங்கி, அதற்கும் மேல் ஒன்று வாங்கி வெளியே வந்தபோது அக்கா தொட்டிகளுக்கெல்லாம் மேஸ்திரி ஆகியிருந்தார். பட்டறையில் நீலம் துணியில் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடியை அள்ளிக் கொட்ட வேண்டும். கொட்டினால், அழுகிய முட்டையையும் அணைந்த தீக்குச்சியையும் ஒன்றாக முகர்ந்த மாதிரி ஒரு ஆவி கிளம்பும். அந்த ஆவி அக்காவின் நெஞ்சில் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தொட்டியை விட்டு இறங்கினால் பிழைப்பீர்கள், இல்லாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா இறங்கவில்லை. "நான் எறங்கினா அந்தப் பொடியை வேற ஒருத்தி அள்ளுவா. அவ நெஞ்சு மட்டும் என்ன தகரத்துல செஞ்சதா?" என்பார். மேடத்தின் கணக்கு வேறு. பொடியே தேவைப்படாத நீலம் ஒன்றைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் இறக்க வேண்டும், அதுவும் அக்காவுக்கு மூச்சு இருக்கும்போதே இறக்க வேண்டும். மேடம் காலையில் வேலைக்கு வந்ததும் அதற்காகத்தான், வீட்டுக்குப் போகாமல் கிடந்ததும் அதற்காகத்தான்.

முதல் நீலம் ஒரு லிட்டர் குடுவையில் வந்தது. வடித்துப் பிழிந்ததில் ஒரு டம்ளர், மை மாதிரி கெட்டியாக. ஒரு லிட்டருக்கு ஒரு டம்ளர் என்பது இந்தத் தொழிலில் யாரும் கனவிலும் காணாத விளைச்சல். பெரிய சார் நின்ற இடத்திலேயே பெருக்கினார். ஒரு லிட்டருக்கு ஒன்று என்றால் பத்து லிட்டருக்குப் பத்து, பத்தாயிரம் லிட்டருக்குப் பத்தாயிரம். நாங்களும் தனித்தனியாகப் பெருக்கிப் பார்த்தோம், எல்லோருக்கும் அதே விடைதான் வந்தது. பெருக்கலில் எங்களை யாரும் அசைக்க முடியாது. மேடம் டம்ளருக்கு மூடி போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அக்கா அதைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, துணியை முக்கி எடுத்தார். பொடி இல்லாமலே துணி நீலமாக வந்தது. பத்துச் சட்டைக்கான துணி தோய்ந்ததும் தொட்டியில் வெறும் தண்ணீர் மிச்சமானது, குடிக்கலாம் போல.

"வாசனையே இல்லையேடி," என்றார் அக்கா.

"வராதுக்கா. பொடியும் வேணாம், முகமூடியும் வேணாம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோதானா?"

"இது சும்மா பார்க்கறதுக்குக்கா. அடுத்த தடவை லாரில வரும்."

"வரட்டும். லாரி வர்ற அன்னைக்கு நான் தொட்டியை விட்டு எறங்கறேன். சத்தியமா."

பத்து லிட்டரில் ஒரு டம்ளர் வந்தபோது, முதல் முறை அப்படித்தான் இருக்கும் என்றோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே வந்தபோது காரணம் கண்டுபிடிக்க உட்கார்ந்தோம். நாங்கள் படித்தவர்கள், காரணத்துக்கு எங்களிடம் பஞ்சமே கிடையாது. "காத்து பத்தல" என்றார் இன்ஜினியர். வீட்டு அடுப்பு சரியாக எரியாததற்கும் மகனுக்குக் கணக்கு வராததற்கும் அவர் சொல்லும் காரணமும் அதுதான். காற்றை இரண்டு மடங்கு ஊதினோம், ஒரு டம்ளர். கலக்குகிற துடுப்பை மாற்றினோம், ஒரு டம்ளர். தோலைக் குறைத்துச் சக்கையைக் கூட்டினோம், சக்கையைக் குறைத்துத் தோலைக் கூட்டினோம், ஒரு டம்ளர். அளவு தப்பாக இருக்கும் என்று எல்லோரும் என் பக்கம் திரும்பியபோது நான் அசராமல் கப்பலில் ஒரு புதுக் கருவி தருவித்தேன். அது வந்து சேர்ந்து, பிரித்து, மாட்டி, ஓட்டியதில், அதே ஒரு டம்ளரைப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரைக்கும் காட்டியது. எங்கள் மதிப்பு இதனால் கொஞ்சம் உயர்ந்தது.

சிறிய கலனில் சரியாக வரவில்லை, அதனால் பெரிய கலனில் போட்டுப் பார்ப்போம் என்றார் பெரிய சார். வெளியாள் காதுக்கு இது விபரீதமாகப் படலாம். எங்கள் தொழிலில் இதுதான் முறை. எங்களில் ஒருவன் எத்தனை பெரிய ஆள் என்பதை அவன் கலனின் அளவை வைத்துத்தான் சொல்வார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளைக்கு எத்தனை லிட்டர் என்று விசாரிப்பவர்கள் உண்டு. நூறு லிட்டர் வந்தது, ஆயிரம் லிட்டர் வந்தது, வருஷங்கள் போயின. மேடத்துக்குத் தலை நரைத்தது, இன்ஜினியர் மகன் கணக்கில் தோற்று ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். இதற்கு நடுவில் ஒரு மாநாட்டில் எங்கள் முடிவுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினோம். கலனின் அளவு ஏற ஏற நீலம் ஒரே கிடைமட்டக் கோடாக, நூல் பிடித்த மாதிரி, துளியும் ஆடாமல் நின்றது. இத்தனை ஒழுங்கான முடிவை எந்த ஆலையும் காட்டியதில்லை என்று எங்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். பெரிய சார் மேடையேறி, இது கூட்டு முயற்சி என்று நன்றி சொன்னார்.

ஒவ்வொரு முறையும் அந்த ஒரு டம்ளரை மேடம் பட்டறைக்குக் கொண்டுபோனார். அக்கா அதைக் கரைத்து, பத்துச் சட்டைத் துணி தோய்த்துவிட்டு, "லாரி எங்கேடி நிக்குது, வழியில பஞ்சராயிடுச்சா?" என்று கேட்பார். கேட்டுச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாகும். அதுவரை மேடம் காலியான டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்ததும் நேராகக் கிருமி நீக்கும் அறைக்குள் போவார். அங்கே நீராவி போடுகிற இரைச்சலில் யார் அழுதாலும் வெளியே கேட்காது. எங்களுக்குத் தெரியும், ஆனால் ஒருவரும் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்கத் துப்பில்லை. அவர் வெளியே வந்ததும் அடுத்த கலனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

பத்தாயிரம் லிட்டர் கலன் கூடத்துக்குள் நுழையாததால் ஒரு பக்கச் சுவரை இடித்து, கலனை உள்ளே நிறுத்தி, சுவரை மறுபடி கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் கலனுக்குப் பின்னால் ஒரு கொத்தனார் மாட்டிக்கொண்டது தெரிந்தது; அவர் மேலே ஏறி ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். பணம் போட்டவர்கள் வந்தார்கள், பட்டறை முதலாளிகள் வந்தார்கள், அக்காவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பழச்சாறு ஆலையின் மொத்தச் சக்கையும் அந்த வாரம் எங்கள் கலனுக்குள் போயிருந்தது. குழாயைத் திறந்தோம், வடித்தோம், பிழிந்தோம், பிழியும் இயந்திரம் தேய்கிற வரைக்கும் பிழிந்தோம். பெரிய சார் எல்லோருக்கும் முன்னால் ஒரு டம்ளரை உயர்த்திப் பிடித்து, இது ஆரம்பம்தான் என்றார். கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார், பிறகு தங்கையைக் கூப்பிட்டு, "பரவாயில்லடி, குடு, பத்துச் சட்டைக்கு ஆச்சு," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்தது ஒரு லட்சம் லிட்டர் என்று முடிவானது. ஆலைக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த வாரத்தில் அக்காவைத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேடம் போய்ப் பார்த்தபோது அக்கா மூக்கில் குழாயோடு சாய்ந்து படுத்திருந்தார். குழாயைக் கொஞ்சம் விலக்கி, "என் எடத்துல புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்காளாம். கல்யாணம் ஆகி நாலு மாசம்தான் ஆச்சாம். பொடியை மெதுவா கொட்டச் சொல்லு," என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, லாரியைப் பற்றியும் கேட்கவில்லை. அதுதான் மேடத்தைக் கொன்றுபோட்டது. இத்தனை வருஷக் கிண்டலையும் தாங்கியவர், கிண்டல் நின்றதும் தாங்க முடியாமல், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆலை வரைக்கும் நடந்தே வந்தார்.

வந்தால், லட்சம் லிட்டர் கலனுக்கான கருவிகளை வைக்க இடம் வேண்டும், குளிர்பெட்டியைக் காலி செய்யுங்கள் என்று பெரிய சாரின் உத்தரவு மேசைமேல் கிடந்தது. குளிர்பெட்டியில்தான், கலனுக்குக் கலன் எடுத்துப் போடுகிற பூச்சி விதைகள் சின்னச் சின்னக் குழாய்களில் தூங்கிக்கொண்டிருந்தன. மேடத்துக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் கூட்ட அறையில் இருந்தோம், கத்தியது அங்கே வரைக்கும் கேட்டது. "பெருசு, பெருசு, பெருசு! இதைத் தவிர வேற ஏதாவது தெரியுமா இவங்களுக்கு? இந்தா, சிறுசு! இதுல வளத்துக்கங்க!" கீழே கிடந்த பழச்சாறு பாட்டில் மூடி ஒன்றை எடுத்து, அதில் ஒரு சொட்டுச் சக்கைத் தண்ணீர் விட்டு, ஊசி முனையால் பூச்சியைத் தொட்டு வைத்து, வெதுவெதுப்பான அலமாரிக்குள் தள்ளி, கதவை அறைந்து சாத்திவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அதில் ஆராய்ச்சி எண்ணம் எதுவும் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

மூடியை எல்லோரும் மறந்துவிட்டோம். அந்த வாரக் கடைசியில் அலமாரிக்குக் கீழே தரை நீலமாக இருந்தது. திறந்து பார்த்தால் மூடி நிரம்பி, வழிந்து, தட்டெல்லாம் நீலம். நான் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பிழிந்து அளந்தேன். இருநூறு மில்லி, ஆறு இலக்கமும் சரியாக இருந்தன. அத்தனை வருஷமும் விதைக் குழாய்கள் சின்னதாகத்தானே இருந்தன, அவற்றில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். விதையை நாங்கள் ஒருநாளும் நீலம் வைக்கிற வரைக்கும் விட்டதில்லை. அது முளைத்ததும் அவசர அவசரமாக எடுத்துப் பெரிய கலனில் ஊற்றிவிடுவோம். பெரிதாக்கிப் பார்க்க ஆயிரம் வழி யோசித்த எங்களில் ஒருவனுக்கும், சிறிதாக்கிப் பார்க்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம், அசிங்கம்.

உடனே எல்லோரும் கீழ்ப்பக்கம் பாய்ந்தோம். தேக்கரண்டியில் வளர்த்தோம், ஒரு டம்ளர் வந்தது. சட்டைப் பொத்தானின் குழியில் வளர்த்தோம், ஒரு டம்ளர். ஊசிக் காதில் ஒரு துளி நிறுத்தி வளர்த்ததிலும் ஒரு டம்ளர், ஊசி மட்டும் கொஞ்சம் துருப்பிடித்தது. பூச்சி வைக்காத வெறும் மூடியையும் முறைப்படி கூடவே வைத்தோம், அதில் ஒன்றும் வரவில்லை. சும்மா இருக்கிற இடத்தில் தராது என்கிற அளவுக்கு அதற்கும் ஒரு நியாயம் இருந்ததில் எங்களுக்குத் திருப்தி. ஒரு துளிச் சக்கைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு டம்ளர் நீலம் எப்படி வரும் என்று முதல் நாள் கேட்டுக்கொண்டோம். பத்தாயிரம் லிட்டர் சக்கை அத்தனை வருஷமும் எங்கே போயிற்று என்று கேட்காதவர்கள் இதை மட்டும் கேட்பது நன்றாக இருக்காது என்று மறுநாள் விட்டுவிட்டோம்.

பெரிய சாருக்குச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப ஒரு துளிக்கே ஒரு டம்ளர்னா, லட்சம் லிட்டருக்கு எவ்ளோ வரும்?"

இன்ஜினியர் எழுந்து போய் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். மேடம்தான் கடைசியில் பேசினார், அதுவும் பொறுமையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. "சார், ஒரு டம்ளர் வரும் சார். ஆனா லட்சம் மூடி வச்சா லட்சம் டம்ளர் வரும். கலனை வித்துடுவோம்." பெரிய சார் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து, சின்னதாகப் போகலாம் என்று தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு எண்ணம் இருந்ததாகச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம், எங்களுக்கும் அதே எண்ணம் இருந்ததாகத்தான் நாங்களும் வீட்டில் சொல்லியிருந்தோம்.

கலனை விற்க முடியவில்லை. சுவரை மறுபடி இடிக்க வேண்டும் என்றதும் விட்டுவிட்டோம், இப்போது அதில் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறோம். கூடம் முழுக்கத் தட்டு அடித்து, ஊரில் இருக்கிற பாத்திரக் கடைகளின் டம்ளர்களையெல்லாம் வாங்கி அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாட்டில் மூடியை வைத்தோம். மூடிகளைப் பழச்சாறு ஆலை சும்மாவே கொடுத்தது. காற்று ஊத வேண்டியதில்லை என்று தெரிந்ததும் இன்ஜினியர் சில நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார், பிறகு தட்டுகளுக்கு நடுவே ஒரு மின்விசிறியை மாட்டிக்கொண்டு தேறினார். மூடிகள் நிரம்பின, வழிந்தன, டம்ளர் விளிம்பு வரை ஏறி நின்றுகொண்டன. ஒரு காலையில் மேடம் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டறைக்குப் போனார். முதலாளி நீலத்தை இறக்கிக்கொண்டு வெள்ளைப் பொடி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். அந்தப் புதுப் பெண் முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றாள், அவளுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்காது போலிருந்தது. அங்கிருந்து மேடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்காவிடம் சொன்னார். அக்கா குழாயோடு படுத்தபடியே தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா, சத்தியம் பண்ணின மாதிரி வீட்டில் இருப்பார் என்றுதான் மேடம் நினைத்தார். மாடியில் நல்ல காற்று வரும் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே அக்கா பட்டறையில் தொட்டிக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். மேடம் ஓடிப்போய்ச் சண்டை போட்டார். "எறங்கறேன்னு சொன்னது அந்தத் தொட்டியை விட்டுடி. எறங்கிட்டேன். இது வேற தொட்டி," என்றார் அக்கா. இதற்காகவா இத்தனை வருஷம் உயிரை விட்டேன் என்று மேடம் எங்களிடம் வந்து புலம்பினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருகின இடம் கருகினதுதான், மற்றது தெளிகிறது, எல்லாம் தான் கொடுத்த மருந்தின் வேலை என்றார்.

அப்புறம் பெரிய பெரிய நிபுணர்கள் வந்து போனார்கள். எங்கோ ஒரு தப்பு நடக்கிறது என்று கண்டுபிடித்து, எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பூச்சியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய், தங்கள் ஊரில் மாடி உயரத்துக்குக் கலன் கட்டினார்கள். ஒரு டம்ளர் வந்ததாகக் கேள்வி. காற்று போதவில்லையா என்று எங்கள் இன்ஜினியரைத் தொலைபேசியில் கேட்டார்களாம், அவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். இப்போது எங்கள் பக்கத்தில் ஆறு பட்டறைகளுக்கு நீலம் போகிறது, அவசரமென்றால் மூடிகளை நிரம்புவதற்கு முன்பே லாரியில் ஏற்றிவிடுகிறோம். குழந்தைகள் வாய்ப்பாடு படிக்கும்போது, இது நீலத்துக்குச் செல்லாது என்று சேர்த்துப் படிக்கிறார்கள். டம்ளர் கழுவுவதற்கே தனியாக ஆள் எடுத்திருக்கிறோம், அதற்கு வந்த விண்ணப்பங்களில் பாதிப் பேர் எங்களைவிட அதிகம் படித்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா எங்கள் கூடத்துக்கு நேரில் வந்தார். வாசலில் செருப்பை உதறும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏண்டி, ஒரு மூடிக்கு ஒரு டம்ளர் வரும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும், மூடியைத் தனித்தனியா டம்ளருக்குள்ள வச்சு அனுப்புங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், நீங்க பாட்டுக்கு எல்லா மூடியையும் ஒரே தட்டுல அடுக்கி அனுப்பியிருக்கீங்க, வர்ற வழியிலயே அத்தனையும் பொங்கி, லாரி நீலம், ரோடு நீலம், டிரைவர் சட்டை நீலம், அவர் பொண்டாட்டி வந்து என்னைப் புடிச்சுக் கத்தறா, நான் என்னத்தைச் சொல்றது, இத்தனை பேர் இத்தனை படிப்பு படிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க, உங்க பெரிய சார் என்னடான்னா நேத்து போன் பண்ணி மூடி இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்கும்ங்கறார், அவருக்குத்தான் புத்தி இல்ல, கூட இருக்கற உனக்கு எங்கே போச்சு, நரைச்ச தலையை வச்சுக்கிட்டு இப்படி நிக்கறியே, வாயைத் திறந்து ஏதாவது சொல்லேண்டி!"

மேடம் கையில் ஒரு டம்ளரைப் பிடித்தபடி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேச்சின் நடுவில் எங்காவது நின்று மூச்சு வாங்குவார், இப்போது வாங்குவார், இதோ வாங்கப்போகிறார் என்று காத்திருந்திருக்கிறார். அக்கா எங்கேயும் நிற்கவில்லை. மேடத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கக்கூட இல்லை.

"இன்னொரு தடவை திட்டுக்கா," என்றார்.

"என்னது?"

"முதல்ல இருந்து. நிறுத்தாம."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மூடிகளை எண்ணுவது போல் பாவனை செய்தோம். இவளுக்கு என்ன ஆச்சு என்று முணுமுணுத்தபடி அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.